மிகைப்பற்றுக் கடனைப் புதுக்கடனின்றித் தீர்க்கும் வகை

பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கின கடனைக் குடியானவன் எளிதில் மறப்பதில்லை. அதற்குத் தேதி உண்டு, தவணை உண்டு, தவணை தவறினால் வாயிற்படியில் வந்து நிற்கும் ஆளும் உண்டு. பாங்கியில் நடப்புக் கணக்கின்மேல் அனுமதிக்கப்படும் மிகைப்பற்று, அதாவது வியாபாரிகள் ‘ஓ.டி.’ என்று சுருக்கிச் சொல்லும் ஓவர்டிராப்ட், அத்தன்மையதன்று. கணக்கில் நம் பணம் தீர்ந்த பின்னும் ஒரு வரம்பு வரையில் எடுத்துக்கொள்ளலாம் என்று பாங்கி இடங்கொடுக்கிறது. எடுத்ததை இன்ன நாளில் கட்டு என்று ஒருவரும் கேட்பதில்லை. வருஷத்திற்கொரு முறை கணக்கைப் புதுப்பிக்கிறார்கள். வட்டி தானாகவே பற்று எழுதப்படுகிறது. ஆகையால் வாங்கினவர் பலர், வரம்பில் மீதியிருக்கும் தொகையைத் தம் சொந்தப் பணமென்றே எண்ணத் தலைப்படுகின்றனர். ஐந்தாறு வருஷம் சென்ற பின் பாங்கி வரம்பைக் குறைக்கிறது, அல்லது புதுப்பிக்க மறுக்கிறது. அப்பொழுதுதான் கடன் என்பது புத்தியில் படுகிறது. அந்த அவசரத்தில் தண்டல்காரரிடமோ கந்துவட்டிக்காரரிடமோ போய், பன்னிரண்டு வட்டிக் கடனை அறுபது வட்டிக் கடனாக மாற்றிக்கொண்டு வருகின்றனர். இது நேராமல் இருக்கும் வழியைச் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, இக்கடன் எதற்காக ஏற்பட்டதென்பதை அறிவது நலம். ஸ்காத்லாந்து தேசத்தில் எடின்பரோ நகரத்து ராயல் பாங்கி 1728-ம் வருஷத்தில் ஒரு வர்த்தகருக்கு இவ்வித வசதியைச் செய்துகொடுத்தது. பிற்பாடு அந்நாட்டுப் பாங்கிகள் யாவும் இம்முறையைக் கைக்கொண்டன. ஆதம் ஸ்மித் என்னும் பொருளாதார நூலாசிரியர் 1776-ல் வெளியிட்ட தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்து, பாங்கியின் பணப்பெட்டியை ஒரு நீர்நிலைக்கு ஒப்பிட்டிருக்கிறார். ஒரு பக்கம் நீர் வெளியே போகிறது. மறுபக்கம் அதே அளவு உள்ளே வருகிறது. ஆகையால் நிலை குறைவதில்லை. அவ்வாறு சென்ற பணம் நாலைந்து மாதத்திலோ, மிஞ்சினால் எட்டு மாதத்திலோ திரும்பி வருகிறதா என்று அக்காலத்துப் பாங்கிகள் கண்ணுங்கருத்துமாய்ப் பார்த்து வந்தன. சரக்கு வாங்கி விற்கும் வரையிலும், நாற்று விட்டு அறுக்கும் வரையிலும் இடைவெளியைத் தாங்குவதற்கே இக்கடன். வீடு கட்டவும், கலியாணம் செய்யவும், காலேஜ் சம்பளம் கட்டவும் ஏற்பட்டதன்று. ஏரிப் பாசனக்காரர்களாகிய நமக்கு இவ்வுவமானம் மிகவும் பொருத்தமானது. வரத்துக்கால் அடைபட்டு மதகு மட்டும் திறந்திருந்தால் ஏரி என்னவாகும் என்பதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அடியில் தங்கிய கடன்

கடனைத் தீர்க்க விரும்புகிறவர் செய்யவேண்டிய முதல் காரியம் பணம் தேடுவதன்று. பாஸ் புஸ்தகத்தைத் தேடுவது. சென்ற பன்னிரண்டு மாதத்துக் கணக்கைப் பாங்கியில் கேட்டு வாங்கி, மாதந்தோறும் கடன் மிகக் குறைவாயிருந்த நாளின் தொகையை மட்டும் ஒரு காகிதத்தில் வரிசையாய் எழுதிப் பார்க்கவேண்டும். எழுதத் தெரியாதவர் சங்கக் காரியதரிசியைக் கொண்டு எழுதுவித்துக் கொள்ளலாம். அரைமணி நேரத்து வேலை.

ஓர் உதாரணம் சொல்லுவோம். காவிரிப் பாசனத்தில் சம்பா சாகுபடியும், மூன்று கறவை மாடுகளும், ஒரு சிறு மளிகைக் கடையும் உடைய குடும்பம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையின்பேரில் பாங்கி 1,00,000 ரூபாய் வரை மிகைப்பற்று அனுமதித்திருக்கிறது. வட்டி நூற்றுக்கு வருஷம் 12. ஐப்பசியில் நடவுக்கூலியும் தீபாவளிச் சரக்கும் சேர்ந்து கடன் 98,000 வரை ஏறுகிறது. நெல் விற்ற பணம் வந்து பங்குனியில் 62,000-க்கு இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. இவ்வாறு 62,000-க்கும் 98,000-க்கும் இடையே ஏறியிறங்கும் 36,000 ரூபாய்தான் உண்மையான மிகைப்பற்று. அது வந்து போகிறது. தன் வேலையைச் செய்கிறது. அதனடியில் கிடக்கும் 62,000 ரூபாயோ வருஷத்தில் ஒரு நாளும் தீராதது. அது ஏரியடியில் படிந்த வண்டல். அந்தப் பணம் எந்தக் காலத்திலோ எதற்காகவோ செலவழிந்து போயிற்று. அதற்கு வருஷம் 7,440 ரூபாய் வட்டி மட்டும் செலுத்தப்பட்டு வருகிறது.

இவ்விரண்டையும் பிரித்து அறியாதவர்கள்தான், ‘ஒரு லட்சத்தை எப்படி ஒரேயடியாய்க் கட்டுவது’ என்று மலைத்துப் புதுக்கடன் தேடிப் போகிறார்கள். கட்டவேண்டியது ஒரு லட்சமன்று, 62,000. அதையும் ஒரேயடியாகக் கட்டவேண்டியதில்லை.

பாங்கி மானேஜரிடம் சென்று, இந்த 62,000-ஐ மிகைப்பற்றிலிருந்து பிரித்துத் தவணைக்கடனாக மாற்றவேண்டுமென்றும், அதே சமயத்தில் மிகைப்பற்று வரம்பை 1,00,000-லிருந்து 40,000-க்குக் குறைக்கவேண்டுமென்றும் எழுத்து மூலம் கேட்கலாம். வட்டி விகிதம் முன்னிருந்ததற்கு மேற்படக்கூடாது. மாற்றுவதற்கான கட்டணம் எவ்வளவென்று முன்னதாகவே கேட்டறிய வேண்டும். மாதம் அசல் 2,000 வீதம் கட்டினால் 31 மாதத்தில் கடன் தீரும். முதல் மாத வட்டி 620 ரூபாய்; கடைசி மாத வட்டி 20 ரூபாய்; மொத்த வட்டி 9,920 ரூபாய். ஒன்றும் செய்யாமல் அதே 31 மாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் 19,220 ரூபாய் போயிருக்கும். அசல் 62,000-ம் அப்படியே நிற்கும்.

பாங்கி இவ்வாறு மாற்றித்தர மறுக்கலாம். மறுத்தாலும் வழி அடைபடவில்லை. வரம்பை மாதந்தோறும் 2,000 வீதம் குறைத்து வருமாறு எழுதிக் கொடுப்பதற்குக் கடன்பட்டவருக்குத் தடையேதும் இல்லை. ‘நானே மனக்கட்டுப்பாட்டுடன் குறைத்துக்கொள்வேன், எழுதிக் கொடுப்பானேன்’ என்பார் உளர். அவர்கள் பேச்சில் நமக்கு நம்பிக்கை இல்லை. திறந்திருக்கும் வரம்பு ஆடி மாதத்து நெருக்கடியில் மறுபடியும் நிரம்பிவிடும்.

பணம் தங்கும் நாட்கள்

மாதம் 2,000 எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. ஒரு பகுதி, கணக்கை நடத்தும் முறையிலிருந்தே வரும். மிகைப்பற்றுக்கு வட்டி நாள்தோறும் மாலையில் நிற்கும் பாக்கியின்மேல் கணக்கிடப்பட்டு, மாதக் கடைசியில் பற்று எழுதப்படுகிறது. தவணைக்கடனைப்போல் மாதத்திற்கொரு நாள் மட்டும் கவனிக்க வேண்டிய கணக்கன்று இது. ஆகவே பணம் எத்தனை நாள் கணக்கில் தங்குகிறதோ அத்தனை நாளும் வட்டி குறையும். மாதம் 5-ந் தேதி கடை வசூல் 15,000 ரூபாய் கைக்கு வருகிறது; மொத்தச் சரக்கு வியாபாரிக்கு 25-ந் தேதி கொடுக்க வேண்டும். இடையிலுள்ள 20 நாள் அப்பணம் வீட்டுப் பெட்டியில் இருந்தால் ஒரு காசும் பயனில்லை. மிகைப்பற்றுக் கணக்கில் இருந்தால் 98 ரூபாய்க்குச் சற்று மேல் வட்டி மிஞ்சும். வருஷத்தில் இது ஏறத்தாழ 1,180 ரூபாய். ஒரு காசு கூடுதலாகச் சம்பாதிக்காமல் கிடைக்கும் ஆதாயம் இது. பால் சங்கத்துப் பட்டுவாடாவையும் அந்தக் கணக்கிலேயே வரவு வைக்கும்படி செய்வது நன்று.

அடுத்தபடி, ஒரு கையில் சேமிப்பும் மறு கையில் கடனும் வைத்திருப்பவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அதே பாங்கியில் 20,000 ரூபாய் நிரந்தர வைப்பாக நூற்றுக்கு ஆறரை வட்டியில் போட்டுவைத்து 1,300 ரூபாய் வட்டி வாங்குவார்கள். அதே 20,000-க்கு மிகைப்பற்றில் 2,400 ரூபாய் வட்டி கொடுப்பார்கள். வருஷத்திற்கு 1,100 ரூபாய் நஷ்டம். வைப்பு முதிரும் நாளில் அதைப் புதுப்பிக்காமல் கடனில் செலுத்துவதே முறை. ஆயினும் கையிருப்பு முழுவதையும் கடனில் கொட்டிவிடலாகாது. ஒரு மாதத்துக் குடும்பச் செலவுக்குரிய தொகை தனியே இருக்கட்டும். வீட்டுப் பெண்மக்கள் சேர்த்துவைத்திருக்கும் சிறுவாட்டுப் பணத்திலும் கைவைக்க வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். நடுநிசியில் குழந்தைக்கு ஜுரம் கண்டால் தண்டல்காரர் வீட்டுக் கதவைத் தட்டாமல் காப்பது அந்தப் பணமே. வட்டிக் கணக்கில் அதன் மதிப்புத் தெரிவதில்லை.

மீதியை அறுவடையிலிருந்துதான் எடுக்கவேண்டும். நெல் விற்ற அன்றே, பணம் வீடு வருமுன்பே, அதிலொரு பங்கைத் தீர்மானித்துக் கட்டிவிட்டால் நிற்கும். பங்குனிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நிற்காது. ஓடாமல் கொட்டிலில் கிடக்கும் பழைய மோட்டார், இரண்டாவது மோட்டார் சைக்கிள், காய்ப்பற்ற மரங்கள் முதலியவற்றை விற்பதும் தகும். கறவை மாட்டையும் உழவு நிலத்தையும் விற்பது தகாது. அவை கடனைக் கட்டும் கைகள்.

தவிர்க்கவேண்டிய வாசல்கள்

தண்டல் கடனின் உண்மையான விலையை அநேகர் அறியார். ‘பத்தாயிரம்’ என்று எழுதிக்கொண்டு 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள்; நாள் ஒன்றுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டவேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள 1,500 தானே, மாதம் ஐந்து வட்டி என்று மேலெழுந்தவாரியாகத் தோன்றும். ஆனால் அந்த 8,500-ம் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லையே! முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு போகிறது. சராசரியாகக் கையில் நின்ற பணம் ஏறத்தாழ அதில் பாதிதான். அவ்வாறு கணக்கிட்டால் நூற்றுக்கு மாதம் சுமார் 10 ரூபாய், வருஷத்திற்கு 120 ரூபாய் வட்டி ஆகிறது. பன்னிரண்டு வட்டிக் கடனை அடைக்க இதை வாங்குவது, கொசு கடிக்கிறதென்று கொட்டகைக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். தண்டல், நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி என்னும் இவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்துச் சட்டம் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. செல்போன் வழியே ஐந்து நிமிஷத்தில் தரப்படும் கடன்களிலும் இதே பிடித்தமும் இதே குறுந்தவணையும் வேறு பெயர்களில் வருகின்றன. ஏலச்சீட்டை முதல் மாதங்களில் தள்ளி எடுப்பதும் ஏறக்குறைய இந்த வகையே. தள்ளுபடி போனது வட்டிதான்.

பயிர்க்கடனைப் புதுப்பிக்கும் சமயத்தில் நடக்கும் ஒரு வழக்கம் தனியே கவனிக்கத்தக்கது. 1998-ல் ஏற்பட்ட கிஸான் கடன் அட்டையின்பேரில் 7 சதவீத வட்டிக்குக் குறுகிய காலப் பயிர்க்கடன் கிடைக்கிறது. உரிய நாளில் கட்டுவோருக்கு அதில் 3 சதவீதம் குறைகிறது. 1,00,000 ரூபாய்க் கடனில் இச்சலுகை 3,000 ரூபாய். இதைப் பெறுவதற்காகச் சிலர் கெடு நாளில் மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் கைமாற்று வாங்கிக் கட்டி, பாங்கி மறுபடி கொடுத்ததும் அதைக் கொண்டு தீர்க்கின்றனர். பதினைந்து நாளில் முடிந்தால் வட்டி 1,500. ஆகவே லாபமென்று தோன்றும். பாங்கிப் பணம் ஒரு மாதம் தாமதித்தால் சலுகை முழுதும் வட்டிக்கடைக்குப் போயிற்று. இரண்டு மாதமானால் 3,000 ரூபாய் கைநஷ்டம். அதற்குள் வேறு காரணத்தால் புதுக்கடன் மறுக்கப்பட்டால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? கெடு நாளுக்கு ஒரு மாதம் முன்னரே பாங்கியில் விசாரித்து, புதுப்பிக்கும் நாளை உறுதி செய்துகொள்ளாதவர் இந்த வழியில் இறங்கலாகாது.

ஈண்டு இன்னொன்று சொல்லவேண்டும். மேற்படி சலுகையுள்ள பயிர்க்கடனை வேறு கடனுடன் சேர்த்துக் குழப்பலாகாது. மேலே சொன்ன பிரித்துக் கட்டும் முறை, முழு வட்டி ஓடும் வியாபார மிகைப்பற்றுக்கே உரியது. கடனைத் தீர்க்கும் வரிசையில் அதிக வட்டியுள்ளது முதலாவது; பயிர்க்கடனை அதன் கெடு நாளில் கட்டினால் போதும், முந்திக் கட்டவேண்டிய அவசரமில்லை.

நகைக்கடன் எல்லாச் சமயத்திலும் கெட்டதென்று நாம் சொல்லவில்லை. சங்கத்தில் நகையின்பேரில் கிடைக்கும் கடன் மிகைப்பற்றைவிட வட்டி குறைந்ததாயிருந்து, நகையை மீட்கும் பணம் எந்த மாதம் எந்த வரும்படியிலிருந்து வருமென்று விரல்விட்டுச் சொல்லவும் கூடுமாயின், அதைக்கொண்டு மிகைப்பற்றை அடைக்கலாம். ஆனால் அடைத்த அன்றே வரம்பைக் குறைக்க எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் ஆறு மாதத்தில் மிகைப்பற்று மறுபடி நிரம்பும்; நகையும் உள்ளே இருக்கும். ஒரு கடன் இருந்த இடத்தில் இரண்டு நிற்கும்.

பாங்கியுடன் பேசும் முறை

கணக்கு முடங்கும் வரையில் பாங்கிப் பக்கமே போகாமல் ஒளிந்திருப்பது பெருந்தவறு. மிகைப்பற்றுக் கணக்கில் பாக்கி தொடர்ந்து 90 நாள் வரம்புக்கு மேல் நின்றாலும், 90 நாள் ஒரு வரவும் இல்லாவிடினும், வந்த வரவு அந்நாட்களின் வட்டிக்கே போதாவிடினும், ரிசர்வ் பாங்கியின் விதிகளின்படி அது சீர்கெட்ட கணக்காகக் கருதப்பட்டு வாராக்கடன் வரிசையில் சேர்க்கப்படும். அதன் பிறகு மற்றப் பாங்கிகளும் கடன் தர மறுக்கும். அதற்கு முன் சென்று, மேற்சொன்ன கணக்குக் காகிதத்தை மேஜைமேல் வைத்துப் பேசுகிற மனிதருக்கு, வெறுங்கையுடன் தவணை கேட்கிறவரைவிட மரியாதை அதிகம் கிடைக்கும்.

ஒரே பாங்கியில் இரண்டு மூன்று கடன் இருப்பவர்கள் பணம் கட்டும்போது, இத்தொகை இன்ன கடனுக்கு என்று செலுத்துச் சீட்டிலேயே எழுதவேண்டும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59-வது பிரிவின்படி, கடன்பட்டவர் அவ்வாறு குறிப்பிட்டுக் கொடுத்த பணத்தைப் பாங்கி ஏற்றுக்கொண்டால் அந்தக் கடனிலேயே வரவு வைக்கவேண்டும். குறிப்பிடாவிட்டால், அடுத்த பிரிவின்படி, எந்தக் கடனில் வரவு வைப்பதென்பது பாங்கியின் இஷ்டம். குறைந்த வட்டிக் கடனில் வரவாகி அதிக வட்டிக் கடன் அப்படியே நிற்பதற்கு இந்த ஒரு வரி எழுதாமையே பெரும்பாலும் காரணம்.

சங்கத்துக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பிரடரிக் நிக்கல்ஸன் 1895-லும் 1897-லும் சென்னை மாகாண அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்த அறிக்கையும், அதையொட்டி வந்த 1904-ம் வருஷத்து ஐக்கிய நாணய சங்கச் சட்டமும், ஜெர்மனியில் ரைபைஸன் கண்ட முறையையே பெரிதும் தழுவின. அக்காலத்துக் கிராம சங்கங்களில் அங்கத்தினர் பொறுப்பு வரையற்றதாயிருந்தது. ஒருவர் கடனுக்கு மற்றவர் சொத்தும் ஈடு. ஆகையால் பணம் எதற்கு, எப்பொழுது திரும்பும் என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். அந்தப் பொறுப்பு இப்பொழுது இல்லை. கேட்கும் வழக்கமும் அதனுடன் போய்விட்டது. 1951-52-ல் நடந்த அகில இந்திய கிராமக்கடன் ஆராய்ச்சியில், குடியானவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு 3.1 மட்டுமே என்றும், லேவாதேவிக்காரர் பங்கு ஏறத்தாழ எழுபது என்றும் தெரிந்தது. அந்நிலையிலிருந்து நெடுந்தூரம் வந்திருக்கிறோம். ஆயினும் பாங்கிக் கடனை அடைக்க லேவாதேவிக்காரரிடம் போகும் அங்கத்தினர் இருக்கும் வரையில் அந்தப் பங்கு வேறு கதவு வழியாய் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். மாதக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் இத்தகைய கணக்கு ஒன்றிரண்டைப் போட்டுக் காட்டுவதற்குப் பஞ்சாயத்தார் கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

கடன் முழுதும் தீர்ந்தபின் கணக்கைச் சும்மா விட்டுவிடாமல், வரம்பை ரத்து செய்யும்படி எழுதிக் கொடுத்து, பாக்கியில்லை என்ற கடிதத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். நிலப்பத்திரம் ஈடு வைத்திருந்தால், முழுக்கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டுமென்றும், பாங்கியின் குற்றத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் நஷ்ட ஈடு தரவேண்டுமென்றும் ரிசர்வ் பாங்கி 2023-ல் உத்தரவிட்டிருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும், ஈடு வைத்தது சப்-ரிஜிஸ்திரார் கச்சேரியில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்த ரசீதையும் அங்கே பதிவு செய்வித்து, ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, பத்திரத்துடன் சேர்த்து வைத்துக்கொள்க.